பத்து வாட் அடுப்பு

கல்யாணமான நாளிலிருந்து தையலம்மாவுக்கும் அவள் கணவருக்கும் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி ஒரே ஒரு மூலைக்காக நடந்தவை. கூடத்தில் சன்னலை ஒட்டிய மூலை அது. காலையிலிருந்து மாலை வரை வெளிச்சம் குறையாது. துணி வெட்டும் மேசை போட அந்த வீட்டில் அதைவிட்டால் வேறு இடம் கிடையாது. அந்த இடத்தில்தான் மூடிகூட இல்லாத ஒரு ஆம்ப்ளிஃபயர், பட்டா வாங்கிக்கொண்டு வந்ததுபோல் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

தையலம்மா என்பது குடியிருப்பில் எல்லோரும் அவளைக் கூப்பிடும் பெயர். கணவரை லிஃப்ட்காரர் என்பார்கள். பெரிய அலுவலகக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பகலெல்லாம் ஊரை மேலே ஏற்றிக் கீழே இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், கை கால் கழுவியதும் அந்த ஆம்ப்ளிஃபயரின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதை அவரே தம் கையால் செய்திருந்தார். ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் சோடி பார்த்துப் பொறுக்கி, ஒவ்வொரு ஒயரையும் தாமே பற்றவைத்துச் செய்தது. பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை என்பது தையலம்மாவின் கட்சி. பிள்ளை வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவனுடைய கட்சியும் அதேதான்.

அதில் பாட்டுக் கேட்டால் பாடுகிறவர் பக்கத்தில் நின்று பாடுவதுபோல இருக்கும். அதை அவளும் மறுக்க மாட்டாள். ஆனால் அந்தச் சத்தம் சன்னலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவிலேயே நின்றுவிடும். சூடு மட்டும் கூடம் முழுக்க வரும். அதனால் அவள் அதற்கு வைத்த பெயர் அடுப்பு.

"அடுப்பை அணைச்சிட்டு சாப்பிட வாங்க" என்பாள்.

"அடுப்பு இல்ல. ஆம்ப்ளிஃபயர்" என்பார் அவர், ஒவ்வொரு நாளும், கொஞ்சமும் சலிக்காமல்.

இப்படிப் பல வருஷம் சுமுகமாக ஓடிக்கொண்டிருந்த சண்டையைக் கெடுத்தவன் அவளுடைய தம்பி சின்னவன்.

சின்னவன் ஒரு மெத்தைக் கடையில் மேலாளர். அவனிடம் இருநூறு வாட் பாட்டுப்பெட்டி ஒன்று இருந்தது. போட்டால் நீல விளக்கு சுற்றிச் சுற்றி வரும், அடுத்த தெரு நாய் குரைக்கும். 'இந்த வீட்டுல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்' என்று அவன் மனைவி சொல்லிவிட்டாள் என்பது பரம ரகசியம். அதாவது, அவளே எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்ன ரகசியம். ஆகவே பெட்டியை அக்கா வீட்டில் தள்ளிவிட அவன் வழி பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் ஆம்ப்ளிஃபயரைக் குனிந்து பார்த்தான்.

"அத்தான், இது மொத்தம் எத்தனை வாட்டு?"

"பத்து."

"பத்தா? எங்க வீட்டு காலிங் பெல்லே இதைவிட ஜாஸ்தி சத்தம் போடுமே!"

"காலிங் பெல்லுல பாட்டுக் கேட்கிறவங்களுக்கு அது போதும், மாப்ளே."

சின்னவனுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். உடனே பந்தயம் கட்டினான். இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் இந்தக் கூடத்தில்தான் கூடப்போகிறார்கள். அப்பா வழக்கம்போல சமையலறைக் கதவை ஒட்டி, கூடத்தின் அந்தக் கடைசியில் உட்காருவார். அவருக்குக் காது மந்தம். அவரைக் கேட்டால், இந்தக் காலத்தில் எல்லோரும் முணுமுணுவென்று பேசுகிறார்கள் என்பார். அவருக்குத் தெரியாத ஒரு புதுப் பாட்டைப் போட வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே பாட்டின் வார்த்தைகளை அவர் திருப்பிச் சொல்லிவிட்டால் அத்தான் ஜெயித்தார். சொல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் பரணுக்குப் போகும், சின்னவனின் பெட்டி இங்கே குடிவரும்.

லிஃப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள் தையலம்மா முந்திக்கொண்டாள். "சரி, பந்தயம்! நானே சாட்சி. உன் பெட்டியை எங்கயாவது கீழ தள்ளிக்கலாம்டா. அடுப்பு பரணுக்குப் போனதும் அந்த இடத்துல என் மேசை வருது."

அவர் அவளைப் பார்த்த பார்வையில், வீட்டுக்குள்ளேயே எதிரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி இருந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே லிஃப்ட்காரர் வேலையைத் தொடங்கிவிட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம், கேட்காமலே விளக்கமும் சொன்னார்.

"இங்க பாரு, மத்த ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பாட்டுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு கரண்ட்தான் எடுக்கும். இது கிளாஸ் ஏ. குழாயை எப்பவும் முழுசாத் திறந்து வெச்சிக்கிட்டு, வேணுங்கிறதை மட்டும் பிடிச்சிக்கிற மாதிரி. மிச்சம் எல்லாம் சூடாப் போகும்."

"வீட்டுல தண்ணியை அப்படித் திறந்து விட்டா மட்டும் என்னைத் திட்டுறீங்க."

"கேளேன். சத்தம் கூடணும்னா குழாயையும் அகலப்படுத்தணும், தொட்டியையும் உசத்தணும். கரண்டும் ஏறணும், வோல்டேஜும் ஏறணும். கரண்டை ஏத்தணும்னா சூட்டை வெளியே தள்ள இதைவிடப் பெரிய அலுமினியப் பட்டை வேணும். வோல்டேஜை ஏத்தணும்னா டிரான்ஸ்ஃபார்மரை மாத்தணும். அதுக்கு மொத்தத்தையும் பிரிச்சுப் போடணும், ரெண்டு மூணு நாள் ஆகும். ஒண்ணை மட்டும் செஞ்சு இன்னொண்ணை விட்டா பிரயோசனமே இல்ல. கரண்டை மட்டும் ஏத்தினா வெறும் சூடுதான் கூடும்."

"எல்லாம் செஞ்சா பத்து வாட்டு என்ன ஆகும்?"

"இருபது."

"அப்போ சத்தம் ரெண்டு மடங்கு கேட்குமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அப்படி இல்ல. வாட்டு ரெண்டு மடங்கானா காதுக்கு ஒரு துளி கூடினாப்ல இருக்கும். அவ்வளவுதான்."

அவளுக்கு வெங்காயத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. "ஒரு துளிக்கா இவ்வளவு பாடு?"

"எனக்கு அந்தத் துளியே போதும். உன் துணி மூட்டைங்க மட்டும் இல்லன்னா அதுகூட வேண்டாம். கூடம் முழுக்க அடுக்கி வெச்சிருக்கே. என் சத்தத்தை எல்லாம் அதுங்கதான் குடிக்குது."

ஆடத் தெரியாதவர்கள் சொல்லும் சாக்குகளில் இதுவும் ஒன்று என்று அவள் நினைத்துக்கொண்டாள். பல வருஷமாகவே அப்படித்தான் நினைத்து வந்தாள்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, போக இடமில்லாத விருந்தாளி மாதிரி வந்து தங்கிவிட்ட மழை. மற்ற நேரமாக இருந்தால் சன்னலோரம் தேநீர் குடித்துக்கொண்டு ரசித்திருப்பாள். இப்போது வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டல் ஒன்று, பரிமாறுகிறவர்களுக்கான கோட்டுகளைத் தைக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தது. அக்கம்பக்கத்துக்குக் கிழிசல் தைத்தும் சன்னல் திரை தைத்தும் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு வந்த முதல் பெரிய வேலை. திறப்பு விழா பிறந்தநாளுக்கு மறு திங்கள்கிழமை. அதற்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் இன்னொரு முறை கதவைத் தட்ட மாட்டார்கள்.

அது நூல் துணி. வெட்டுவதற்கு முன்னால் நனைத்துக் காயப்போட்டே தீர வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும். ஒரு தடவை அவசரத்தில் அவள் அதைச் செய்யாமல் விட்டதால், அடுத்த வீட்டு பேங்க் மேனேஜர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டே ஒரு முழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அந்த விஷயத்தில் அவள் படு கறார். துணி முழுவதையும் நனைத்துப் பிழிந்தாகிவிட்டது. பால்கனியில் தொங்கியது, குளியலறையில் தொங்கியது, கட்டில் கால்களில் தொங்கியது. ஒன்றும் காயவில்லை. தொட்டால் தவளையைத் தொட்ட மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. காலருக்கென்று தனியாக நனைத்திருந்த ஒரு துண்டை எடுத்து, அவர் அணைக்க மறந்து போனதால் பாட்டில்லாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரின் அலுமினியப் பட்டைமேல் பட்டென்று போட்டாள்.

"அடுப்புதானே நீ? அடுப்பாவே இரு."

சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனாள். குடித்து முடித்துத் திரும்பி வந்தபோது காலர் இஸ்திரி போட்டு எடுத்த மாதிரி மொடமொடவென்று இருந்தது.

தையலம்மா அந்தக் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அதை அவள் மரியாதையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நிமிஷமே சன்னல் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடிக்கு ஒரு கொடியைக் கட்டி, பட்டைகளுக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு, முதல் துணியைத் தொங்கவிட்டாள்.

ஆனால் ஒரு சிக்கல். இந்த விஷயம் அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என்ன ஆகும்? இத்தனை வருஷம் அடுப்பு அடுப்பு என்று கரித்துக் கொட்டியவள் இப்போது அதே அடுப்பிடம் கையேந்தி நிற்கிறாள் என்றால், அவர் சாகும் வரை அதைச் சொல்லிக் காட்டுவார். அதைவிட ஈரத் துணியையே வெட்டிவிடலாம். ஆகவே அவர் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் கொடியை அவிழ்ப்பாள், துணியைச் சுருட்டுவாள், மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து ஒரு தையலும் போடாமல் காலால் மட்டும் மிதிப்பாள்.

அவர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் வேலையிலிருந்து வரும்போது, கழித்துப்போட்ட லிஃப்ட் மோட்டார் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய கனமான அலுமினியப் பட்டைகளைக் கேட்டு வாங்கித் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அடுத்த விடுமுறை நாளில் பழையவற்றை எடுத்துவிட்டு அவற்றைப் பொருத்தினார். ஒரு சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பிக் கரண்டை ஏற்றினார். சும்மாவே சூடாக இருந்தது, இப்போது பக்கத்தில் நின்றாலே கன்னத்தில் தெரிந்தது.

அதோடு ஆம்ப்ளிஃபயருக்கு மேலே, மூலைச் சுவர்களில் எதிரும் புதிருமாக இரண்டு ஆணியும் அடித்தார்.

"இது எதுக்கு?" என்றாள் அவள்.

"ஒயர் தொங்காம இருக்க" என்றார் அவர். "இன்னொரு விஷயம். கரண்டை ஏத்தியிருக்கேன். இனிமே ராவும் பகலும் நிறுத்தாம ஓடணும், அப்பத்தான் பழகும். நீ பாட்டுக்கு அணைச்சிடாதே."

"பாட்டும் ஓடிட்டே இருக்கணுமா?"

"வேண்டாம் வேண்டாம். பாட்டுப் போட்டா கொஞ்சம் கரண்ட் சத்தமாப் போயிடும். சும்மா இருந்தாத்தான் சூடு அதிகம்."

நம் வீட்டிலும் அப்படிச் சில பேர் உண்டு என்று சொல்ல வந்தவள் அடக்கிக்கொண்டாள். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நிறுத்தவே கூடாதாம், பாட்டும் வேண்டாமாம்! அந்த இரண்டு ஆணிக்கும் நடுவில் கொடி கட்டினால் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. நம் அதிர்ஷ்டத்தைப் பார் என்று அவள் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

ஒரே ஒரு பயம்தான். டிரான்ஸ்ஃபார்மர். புது டிரான்ஸ்ஃபார்மர் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியதைப் பார்த்திருந்தாள். அதை மாற்றுகிறேன் என்று ஆரம்பித்தால் எல்லாவற்றையும் பிரித்துக் கடை பரப்பிவிடுவார், துணி அந்தரத்தில் நிற்கும். அதைப் பற்றிக் கேட்டால் நினைவுபடுத்தின மாதிரி ஆகிவிடும் என்று வாயையே திறக்கவில்லை. நல்ல வேளையாக, பரிமாறுகிறவர்களுக்கு அளவெடுக்க அவள் ஓட்டலுக்குப் போய்விட்டு வந்த ஒருநாள், அவரே கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டிரான்ஸ்ஃபார்மர் வேலையும் முடிஞ்சது." ஆம்ப்ளிஃபயர் எப்போதும் போல் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு மூணு நாள் வேலையை அரை நாளில் முடித்துவிட்டாரே, மனுஷன் நினைத்தால் வேகமாகவும் வேலை செய்வார் போலிருக்கிறது என்று வியந்ததோடு சரி.

வெள்ளிக்கிழமை காலையில் கோட்டுத் துணி முழுவதும் காய்ந்து, வெட்டியாகி, பாதி தைத்தும் ஆகிவிட்டது. மழை இன்னும் விடவில்லை. தையலம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். விட்ட மூச்சை உடனே திரும்ப இழுத்தாள்.

நாளை சனிக்கிழமை. நாளை இந்த ஆம்ப்ளிஃபயர் பரணுக்குப் போகப்போகிறது. பந்தயத்துக்கு முதலில் சரி சொன்னவளும் அவள்தான்.

இருபது வாட் ஆனாலும் ஒரு துளிதான் கூடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் துளி அப்பா காதுக்கு எந்த மூலைக்கு? முந்தின நாள் அவர் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்ததைக் கேட்டாள். அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லாததுதான் அவளை இன்னும் சங்கடப்படுத்தியது. பரணில் ஒரு மூலையை அவரே பெருக்கிவிட்டு வந்திருந்தார். தோற்கிறவர் இப்படிச் சத்தமில்லாமல் தோற்றால் ஜெயிக்கிறவர்களுக்கு என்ன சுகம்? தன் கோட்டுகளையெல்லாம் காப்பாற்றிக் கொடுத்ததைப் பரணில் ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால் அந்த மேசையில் கத்திரி ஓடுமா? அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஏங்க, அது இங்கயே இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தைதான் தொண்டையை விட்டு வர மாட்டேன் என்றது.

விருந்தாளிகளுக்காகக் கூடத்தைத் துடைக்க வேண்டியிருந்தது. பின் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த துணி ரோல்களையும் வெட்டுத்துணி மூட்டைகளையும் இழுத்துப் படுக்கையறையில் போட்டாள். விரிப்பைச் சுருட்டினாள். சன்னல் திரைகளைக் கழற்றினாள். குனிந்தபோது மடியிலிருந்த கத்திரி நழுவித் தரையில் விழுந்தது. கூடமே கணீரென்றது.

"அம்மாடி!" என்றாள். அவள் குரலே பெரிதாகித் திரும்பி வந்தது.

அப்படியே நின்றாள். பிறகு வேண்டுமென்றே இருமிப் பார்த்தாள். கை தட்டிப் பார்த்தாள். ஆம்ப்ளிஃபயரில் பாட்டை வைத்துவிட்டு அப்பா உட்காரும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கே வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. 'என் சத்தத்தை எல்லாம் அதுங்கதான் குடிக்குது' என்று அவர் சொன்னது சாக்கு இல்லை. இத்தனை வருஷம் அவருடைய பத்து வாட்டில் பாதியைக் குடித்துக்கொண்டிருந்தது அவளுடைய மூட்டைகள்தான்.

அவளுக்குக் குறும்புச் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் பழையபடி கூடத்தில் அடுக்கி வைத்துவிட்டு, அவர் வந்ததும் ஒன்றும் தெரியாதவளாகச் சோறு போட்டாள்.

சனிக்கிழமை அவளுக்குச் சாதகமாகவே விடிந்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டு கத்துகிறார் என்று போன் வந்தது. லிஃப்ட்காரர் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் தலை மறைந்ததும் தையலம்மா இடுப்பில் முந்தானையைச் செருகினாள். ரோல், மூட்டை, விரிப்பு, திரை எல்லாம் படுக்கையறைக்குப் போயின. அவர் திரும்பி வந்தபோது கூடம் நிறைய சொந்தக்காரர்கள். மூட்டை இருந்த இடமெல்லாம் நாற்காலி. அவர் சட்டையில் கிரீஸோடு, யாரையும் கவனிக்காமல், நேராகப் போய் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூலையில் நின்றுகொண்டார்.

ஒரே ஓர் ஆபத்து பாக்கி இருந்தது. சித்தி. சித்தி ரகசியம் பேசினால் எதிர் வீட்டுக்குக் கேட்கும். எந்த ஆம்ப்ளிஃபயரும் அவளுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

"சித்தி, உள்ள புதுசா நிறைய துணி இருக்கு. உங்களுக்கு ஒண்ணு தைக்கலாம்னு இருக்கேன். எது பிடிச்சிருக்குன்னு எடுத்து வைங்களேன்."

சித்தி துணைக்கு இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். உள்ளே போனதும் அவள் குரலையும் மூட்டைகள் குடித்துவிட்டன. தையலம்மா கதவைப் பூப்போலச் சாத்தினாள்.

கேக் வெட்டியாயிற்று. சின்னவன் தன் பெட்டியைக் காரிலிருந்து இறக்கி ஏற்கனவே கூடத்தின் நடுவில் வைத்திருந்தான். அவன் மனைவி, ஒரு பெரிய பாரம் இறங்கப்போகும் மலர்ச்சியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல நம்ம பெட்டி" என்று சின்னவன் அழுத்தினான். நீல விளக்கு சுற்றியது. மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் நடுங்கின. வெறும் சுவர்களுக்கு நடுவில் அந்தத் தடதடப்பு உருண்டு உருண்டு வந்தது. அப்பா நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"மேல் வீட்டுல யாரோ பீரோ நகர்த்துறாங்க. இந்த நேரத்துல என்ன நகர்த்தல்? யாராவது போய்ச் சொல்லுங்க."

கூடம் கொல்லென்று சிரித்தது. சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை. "பாட்டுப்பா அது!" என்று கத்தினான்.

"அப்படியா? முடிஞ்சதும் சொல்லு" என்றார் அப்பா.

பிறகு லிஃப்ட்காரர் தம் ஆம்ப்ளிஃபயரில் அதே பாட்டை வைத்தார். கை கொஞ்சம் தயங்கியது. மனைவி பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவள் கேக் தட்டை மும்முரமாக அடுக்கினாள். பாட்டு தொடங்கியது. பெட்டி போட்ட ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு அது யாரோ சன்னலோரம் வந்து நின்று பாடுவது போலிருந்தது. பேச்சு அடங்கியது. அப்பா தலையைச் சாய்த்தார். விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது.

"என்னமோ 'குடைக்குள்ள இடமிருக்கு, மனசுக்குள்ள மழையிருக்கு'ங்கிறான்" என்றார் அப்பா. "மனசுக்குள்ள மழையாம். டாக்டரைப் பார்க்கச் சொல்லு."

கைதட்டல் எழுந்தது. சின்னவனே சிரித்துவிட்டான். அவன் மனைவியின் முகம் மட்டும் தொங்கிப் போயிற்று. லிஃப்ட்காரரோ ஜெயித்த களையே இல்லாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். ஸ்பீக்கரைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தார். எல்லோரும் அதைத் தன்னடக்கம் என்று பாராட்டினார்கள்.

புறப்படும்போது சின்னவன், "கார்ல இடமே இல்லக்கா, பெட்டி ரெண்டு நாள் இங்க இருக்கட்டும்" என்று இழுத்தான். அவன் மனைவி, "ரெண்டு நாள் என்ன அண்ணி, எத்தனை நாள் வேணும்னாலும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தையலம்மா பெட்டியின் உயரத்தைக் கண்ணால் அளந்தாள். ஒரு பலகையை ஒரு பக்கம் சன்னல் திண்டிலும் இன்னொரு பக்கம் இந்தப் பெட்டியிலும் போட்டால் வெட்டுமேசை தயார். இருநூறு வாட்டில் மேசைக்கால் வேறு யாரிடம் இருக்கிறது?

"தாராளமா இருக்கட்டும்டா" என்றாள்.

லிஃப்ட்காரர் எல்லோரையும் வழியனுப்பக் கீழே போனார். அவர் ஏறி வருவதற்குள் தடயத்தை அழித்துவிட வேண்டும். அவள் ஒரு ரோலைத் தூக்கிக்கொண்டு வந்து, பழைய இடத்தில் நாற்காலிகள் இருந்ததால், இப்போதைக்கு ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்த பலகைக்கு அடியில் தள்ளினாள். ஏதோ தடுத்தது. ரோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தடுத்ததைக் குனிந்து இழுத்தாள். அட்டைப் பெட்டி. ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. தூக்கவே கனத்தது. மேலே டிரான்ஸ்ஃபார்மர் படம்.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் உள்ளே வந்தபோது அவள் மடியில் பெட்டி, தோளில் துணி ரோல். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் யாரைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள் என்று சொல்வது கஷ்டம்.

"இதைப் பிரிக்கவே இல்லையா?" என்றாள்.

"அது வந்து... நேரம் கிடைக்கல."

"முடிஞ்சதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்." அவர் அசடு வழியச் சிரித்தார். "பிரிச்சா ரெண்டு மூணு நாள் நின்னுடுமே. உன் துணி காயணுமில்ல?"

"தெரியுமா உங்களுக்கு?"

"கோட்டுத் துணியில இருந்து நூல் நூலா பட்டை இடுக்குல ஒட்டியிருந்துச்சு. அலமாரிக் கைப்பிடியில கொடி கட்டின தடம் தெரிஞ்சுது, கைப்பிடியும் கழண்டு வர்ற மாதிரி இருந்தது. அதான் ஆணி அடிச்சேன்."

"ராப்பகலா ஓடணும், பழகணும்னு சொன்னதெல்லாம்?"

"ஆம்ப்ளிஃபயர் என்ன, பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளையா, பழகுறதுக்கு? கரண்டை மட்டும் ஏத்திவிட்டேன். வெறும் சூடு. சத்தம் அதே பத்து வாட்டுதான்."

வெறும் சூட்டை மட்டும் ஏற்றிவிட்டு, தம் கையால் செய்ததைப் பரணுக்கு அனுப்பவும் துணிந்து, அந்தப் பரணையும் தாமே பெருக்கிவிட்டு வந்திருக்கிறார். இது தெரியாமல் ஒரு வாரமாக இவள் படிச் சத்தத்துக்குப் பயந்து துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் விக்கல்தான் எடுத்தது.

"அது சரி" என்றார் அவர். "ஒரு துளிகூடக் கூட்டலையே, மாமாவுக்கு எப்படிக் கேட்டுச்சு? அதான் எனக்குப் புரியல." அப்போதுதான் அவள் தோளில் இருந்த ரோல் அவர் கண்ணில் பட்டது. வெறும் சுவரைப் பார்த்தார். திரையில்லாத சன்னலைப் பார்த்தார். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மலை மாதிரி குவிந்திருந்த மூட்டைகளைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் ஏறியது.

"அடிப்பாவி" என்றார்.

"எல்லாம் உங்க கைத்திறமைங்க" என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் சும்மா கூடத்தைப் பெருக்கினேன்."

அவர் சிரித்துக்கொண்டே சுவிட்ச் பக்கம் கையை நீட்டினார். "பாவம், ரொம்ப நாளா நிக்காம ஓடுது. கொஞ்சம் அணைச்சு வைக்கட்டுமா?"

"வேண்டாங்க" என்றாள் அவள் அவசரமாக. "ஆம்ப்ளிஃபயரை அணைக்காதீங்க. கேக் கிரீம் பட்டு அலசின ரெண்டு காலர் இன்னும் ஈரமா இருக்கு."

நீட்டிய கை அப்படியே நின்றது. அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததை அவர் முதல்முதலாகக் கேட்டார்.

"எதை?" என்றார். "அடுப்பையா?"

அவள் எழுந்து போய் ஈரக் காலர்களை எடுத்து வந்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எந்த ஒளிவுமறைவும் இல்லாமல், அந்த இரண்டு ஆணிக்கும் நடுவில் கொடியைக் கட்டினாள்.